ரேவன்ஸ்டோன் கப்பலின் மணி

டெவன்போர்ட்,
1971 மார்ச் 9

அன்புள்ள வின்னிக்கு,

என் முட்டிவலியைத் தவிர இங்கே குறையில்லை. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் கனடாக் குளிரில் சௌக்கியம் என்று தெரிந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். உன் கடிதம் வந்தது. மூழ்காளர்கள் அப்பாவின் கப்பல் மணியை மேலே எடுத்த செய்தி உனக்கும் எட்டிவிட்டதாம், குழந்தைக்கு அதிலேயே ஞானஸ்நானம் கொடுக்க வருகிறாயாம்.

நேற்று தேவாலயக் கூடத்தில் அந்த மணியைப் பார்த்தேன். ஆல்பி பாஸ்கோ கூட்டிப்போனார், அப்பாவோடு கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர், கப்பல் மூழ்கிய அன்று முறை மாறியதால் மேல்தளத்தில் நின்று பிழைத்தவர். கிளைட் ஆற்றில் இறக்கிய நாளிலிருந்து அந்த நாசகாரிப் போர்க்கப்பல் சும்மா நின்றதே இல்லை, யுத்தத்தில் ருஷ்யாவுக்குப் போன சரக்குக் கப்பல்களுக்கெல்லாம் காவல் போனது, மேலே உறைந்த பனியைக் கோடரியால் வெட்டித் தள்ளாவிட்டால் கவிழ்ந்தே போகும் என்பார் அப்பா. அத்தனையும் தாண்டி வந்து, வீட்டு வாசல் மாதிரி இருக்கும் இந்தக் கடற்கால்வாயில் டார்பிடோக் குண்டு பட்டு இரண்டாகப் பிளந்தது. கொதிகலன் அறையிலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் மணியைத் தலைகீழாக நிறுத்தித் தண்ணீர் ஊற்றி உனக்குப் பெயர் வைத்தார்கள், கப்பல்காரர் வழக்கப்படி பெயரை உட்புறம் வெட்டினார்கள். விரலை விட்டுத் தடவினேன், ஒவ்வோர் எழுத்தாக நீ வந்தாய். அழுதுவிட்டேன், வேறென்ன செய்ய. அப்போதுதான் ஆல்பி உன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்: “ரெஜ் தினமும் கீழ இறங்குறதுக்கு முன்னாடி மணிக்குள்ள கைய விட்டுப் பொண்ணு பேரத் தொட்டுட்டுத்தான் போவான், ஹெஸ்டர். ‘என்னடா, பொண்ணு தூங்கிடுச்சா’ன்னு கிண்டல் பண்ணுவோம். அன்னைக்கும் தொட்டுட்டுத்தான் இறங்கினான்.”

மணியைத் தேவாலயத்தில் வைப்பதா, கப்பல் கிடக்கும் இடத்திலேயே திரும்ப இறக்குவதா என்று குடும்பங்களைக் கேட்கிறார்கள். நான் இறக்கச் சொல்லிவிட்டேன். உனக்குக் கோபம் வரும், அப்பாவுடையது என்று எனக்கு இருப்பது அது ஒன்றுதானே என்பாய். எனக்கு மட்டும் என்ன இருக்கிறது, புதைக்க ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லையே. ஆனால் இத்தனை வருஷம் அந்த இருட்டில் உன் பெயராவது அவர் பக்கத்தில் கிடந்தது. அவரிடமிருந்து உன்னைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை, கண்ணு.

குழந்தையின் நெஞ்சுக்குக் கம்பளி கட்டாமல் வெளியே தூக்காதே. மூன்று பேரும் நன்றாக இருங்கள், கர்த்தர் துணையிருப்பார். குழந்தைக்கு என்ன பெயர் என்று உடனே எழுது. ஈஸ்டர் கழிந்ததும் படகு போகிறது. மணியை இறக்கும் முன் அதற்குள் வாய் வைத்து அவரிடம் சொல்ல வேண்டும்.

உன் அம்மா,
ஹெஸ்டர்