பின் சக்கரத்துச் சத்தம்

வியாழன்

காலையிலேயே புழுக்கம். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டேன். கைக் கறுப்பு இன்னும் போகவில்லை.

நேற்று ஈ.சி.ஆர். பயிற்சியில் ரஃபி மறுபடி முந்தினான். நூலிழை. ஆளுக்கு ஒரு நிமிஷம் விட்டுத் தனித்தனியாக அனுப்பி நேரம் பார்க்கும் ஓட்டம். அவன் சைதாப்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவன். தொப்பை வேறு. எப்படி?

திரும்பும் இடத்தில் எதிரே வந்தபோது அவன் பின் சக்கரத்தில் ஒரு ‘விர்ர்’. மோட்டாரா? இப்போதெல்லாம் குழாய்க்குள்ளேயே மறைத்து வைக்கிறார்களாம்.

கிளப் விதி: சாதா ஹேண்டில், சாதா சக்கரம், சாதா ஹெல்மெட். காசு ஜெயிக்கக் கூடாது என்று. கோவைப் போட்டிக்கு ஒரே இடம் பாக்கி. அவன் அல்லது நான். எனக்கு வயது நாற்பத்தெட்டு. இதை விட்டால் ஏது?

சுதா காபியை வைத்துவிட்டு: “தோத்துட்டா மட்டும் உங்களுக்கு மத்தவா வண்டியில மோட்டார் கேக்கறது.”

வெள்ளி

கேப்டன் மூர்த்தி சாரிடம் சொல்லிவிட்டேன். பெருமூச்சு விட்டார். “நம்ம வழக்கம் தெரியுமோல்லியோ? எந்த வண்டிமேல சந்தேகமோ அதை நீயே ஓட்டிப் பாக்கணும். அவன் உன்னுதை ஓட்டுவான்.”

எதற்குப் பெருமூச்சு? இவரும் கூட்டா?

மாலை ரஃபி போன். “இன்னா மச்சி, மோட்டார் இருந்தா நான் ஏன் நாக்கு தள்ளி மிதிச்சிக்கினு கீறேன்?” சிரித்தான். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

ஞாயிறு

மேகமூட்டம். அவன் வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். குழாய்க்குள் ஒன்றுமில்லை. மறுபடி பூட்டிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார்கள், சத்தமே இல்லை.

நான் ஏறி நகர்த்தியதும் ‘விர்ர்’. அழுத்தி மிதிக்கிறேன், வண்டி வேகம் எடுக்க மாட்டேன் என்கிறது. குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்துக் கம்பிகள் தளர்ந்து கிடக்கின்றன. பாரம் ஏறினால் சக்கரம் கோணிப் பிரேக் கட்டையில் உரசுகிறது. மனுஷன் இத்தனை நாளும் பிரேக் பிடித்தபடியே என்னை ஜெயித்திருக்கிறான்.

என் வண்டியில் பறந்தான். நான் வந்து சேர்ந்தபோது இளநீர் குடித்து முடித்திருந்தான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயம்.

“ஒன் வண்டி சும்மா வழுக்கிக்கினு போவுது. காஸ்ட்லி வண்டின்னா காஸ்ட்லிதான்” என்றான். “என்னுதுல எதுனா கீதா மச்சி?”

“ஒண்ணும் இல்ல.”

மூர்த்தி சார் கைகொடுக்கச் சொன்னார். கொடுத்தேன்.

அடுத்த ஞாயிறு கோவைக்கான தேர்வு ஓட்டம். அவரவர் வண்டியில்.