பஸ்ஸில் செய்த வீட்டுக்கிருத்தியம்

இன்று காலையில் நீங்கள் கண்ணாடியும் கூரையும் துடைக்கிற மஞ்சள் துணியை எடுக்கப் போனேன். பஸ்ஸில் சாரதி ஆசனத்துக்குப் பக்கத்தில், நீங்கள் மாட்டிவைக்கிற அதே கொழுக்கியில், விறைத்துப் பலகை மாதிரித் தொங்கியது. மடக்கப் பார்த்தேன், மடியவில்லை. வாளியில் சுடுதண்ணீர் விட்டு அதற்குள் போட்டேன். இளகி வரும்போது டீசலும் சவர்க்காரமும் கலந்த உங்கள் கை மணம் வந்தது. அப்படியே கீழே இருந்துவிட்டேன்.

நேற்று நீங்கள் போன முப்பத்தோராம் நாள். காலையில் ஆற்றங்கரையில் அந்தியேட்டி, பிறகு செத்தவருக்கு வீட்டில் படைக்கிற வீட்டுக்கிருத்தியம். நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும். எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

இந்தப் பஸ்ஸை நீங்கள் வீடு என்று வாங்கவில்லை. ஓல்டன் நகரில் பஸ் கழுவுகிற வேலையில் இருந்தபோது, ஓட்டம் முடிந்த ஒரு சின்ன பஸ்ஸைப் பார்த்து ஆசைப்பட்டீர்கள். "பென்சன் எடுத்தாப் பிறகு ஒவ்வொரு நாடாப் போவம், நீர் சமையும், நான் ஓட்டுறன்" என்றீர்கள். உட்சுவர் முழுக்க ஆட்டுக் கம்பளி அடைத்தீர்கள். அதன்மேல் பலகை அடித்தீர்கள். நான் சிரித்தேன், "பஸ்ஸுக்குச் சுவெட்டர் போடுறியளோ" என்று. பிறகு உங்களுக்கு இருதய வருத்தம் வந்து வேலை நின்றது. நாங்கள் இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறோம் என்று எல்லாரையும் வீட்டைவிட்டு எழுப்பினார்கள். வேலையில்லாத ஆளுக்கு வீடு தர ஒருவரும் இல்லை.

அப்போதுதான் வில் ஊரில் உங்கள் தம்பி வீட்டுக்குப் போனோம். கீழறை சும்மா கிடந்தது. நிலத்துக்கு அடியில் சூட்டுக் குழாய், நிலமெல்லாம் சூடு. பனி விடுகிற நேரத்தில் போய், அங்கே அந்தக் கோடை முழுக்க இருந்தோம். தம்பி மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வந்தது. கனடாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று தம்பி ஒரு நாள் மெல்ல வந்து கதவடியில் நின்றார்.

"அண்ணை, பத்து நாளைக்கு மட்டும் பஸ்ஸிலை இருங்கோவன். சனம் வந்து கேட்டால் எங்களுக்கும் ஒரு மாதிரி."

"குளிர் தொடங்குது தம்பி" என்றேன் நான்.

"உடுப்பைக் கூடப் போட்டால் குளிர் தெரியாது அண்ணி."

அவர் இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிரில் உங்கள் ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் இரண்டு சுவெட்டரோடு வேலைக்குப் போனீர்கள். அதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தீர்கள்.

பத்து நாள் போயிற்று. கனடாக்காரரும் போனார்கள். அழைப்பு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் என் குத்துவிளக்கை எடுக்கப் போனேன். கீழறையைத் திறந்தால், நாங்கள் படுத்த இடத்தில், சடங்கன்று தம்பி மகள் இருந்து படம் எடுத்த ஊஞ்சல் நிற்கிறது. பிளாஸ்டிக் பூ சுற்றின ஊஞ்சல். நிலம் அப்போதும் சூடாகத்தான் இருந்தது. அதை உங்களிடம் நான் சொல்லவே இல்லை. என் வயிற்றுக்குள் வைத்திருந்தேன்.

ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்காரி தன் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் இடம் தந்து மின்சார வயரும் இழுத்துத் தந்தாள். அதற்குப் பிறகு உங்களுக்கு இந்தப் பஸ்ஸைச் சூடாக வைத்திருப்பதே வேலை. முன்கண்ணாடியைக் காட்டி, "இதுதான் வீட்டுக்குள்ளை இருந்து சூட்டைக் களவெடுக்கிற கள்ளன்" என்பீர்கள். அதற்கு வெள்ளிப்பாயும் மேலே தடித்த கம்பளித் திரையும் போட்டீர்கள். சமையல் எரிவாயு குளிரில் எரியாமல் படுத்துவிடும் என்று வேறு சாதி எரிவாயு தேடி ஆராவ் வரை போனீர்கள். டீசல் ஹீட்டர் கிறீச்சிட்டால் பிள்ளை இருமின மாதிரி எழும்பிப் பார்ப்பீர்கள்.

வந்த கிழமையே நான் புட்டு அவித்தேன், ஞாபகம் இருக்கிறதா? குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டிவிட்டு அவித்தேன். அந்த ஆவி முழுக்கக் கூரையில் ஏறி, கதவுப் பூட்டில் இறங்கி, விடிய ஐஸ் ஆகி, கதவு திறக்கவில்லை. நீங்கள் சாரதி யன்னலால் குதித்து வெளியே போய், வெளியில் நின்று என்னைப் பார்த்துக் கும்பிட்டீர்கள்.

"தாயே, இனிப் புட்டு அவிக்கிறதெண்டால் யன்னலை ஒரு விரல் திறந்துவிடும்."

"திறந்தால் சூடு போயிடுமே."

"கொஞ்சம் போகட்டும். ஈரம் போகாட்டி, சூடு இருந்தும் பிரியோசனம் இல்லை."

அன்று தொடங்கித்தான் இந்தத் துணி. விடிய எழும்பி, நம் படுக்கைக்கு மேலே கூரை மடிகிற இடத்தில் நிற்கிற தண்ணீரை வழித்துத் துடைத்த பிறகுதான் உங்களுக்குத் தேத்தண்ணீர். என்மேல் ஒரு துளி விழ விட்டதில்லை நீங்கள்.

தை மாதத்தில் ஏணி வைத்து ஏறிக் கூரைப் பனியை வழித்துவிட்டு இறங்கியவர், படியிலேயே இருந்துவிட்டீர்கள், பிறகு எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார், இது பழைய வருத்தம், குளிரால் வந்ததில்லை என்று. சரியாகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் ஏணியில் ஏறினதை டொக்டர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

செத்தவீட்டில் உங்கள் தம்பி விழுந்து விழுந்து அழுதார். நமக்குப் பிள்ளைகள் இல்லாதபடியால் கிரியை செய்கிற உரிமையும் அவருக்குத்தான். போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணி, ஆத்தங்கரையிலை அந்தியேட்டி முடிய, வீட்டுக்கிருத்தியத்தை எங்கடை வீட்டிலை வைப்பம். கன சனம் வரும்."

"தம்பி, அது செத்தவர் இருந்த வீட்டிலையெல்லோ செய்யிறது."

"அது வீடோ அண்ணி? பஸ்."

"உங்கடை அண்ணை அதுக்குள்ளைதான் இருந்தவர்."

"ஆக்கள் பார்த்தால் என்ன நினைப்பினம்?"

நான் ஐயரைக் கேட்டேன். "சீவிச்ச இடம் எதுவோ அதுதானம்மா வீடு" என்றார். அதைச் சொன்னதும் தம்பி சரி என்று ஒத்துக்கொண்டார். அவர் வீட்டில் செய்திருந்தால், அண்ணனைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவர் என்ற பேர் அவருக்குப் போயிருக்கும். உங்களிடமிருந்து அவர் எடுத்தது போதும். அந்தப் பேரை நான் கொடுக்கமாட்டேன் என்று முடிவுகட்டினேன்.

முந்தின நாளே ஹீட்டரை நிற்பாட்டினேன். சுவர், மெத்தை, கரண்டி எல்லாவற்றிலும் குளிர் ஊறவேண்டும் என்றுதான். நானும் அதற்குள்தான் படுத்தேன். விடிய உங்கள் படையலுக்குப் புட்டு அவித்தேன். யன்னலைத் திறக்கவில்லை. கூரையையும் துடைக்கவில்லை.

ஆரே ஆற்றங்கரையில் காரியம் முடிந்து வந்தார்கள். தம்பி, அவர் மனைவி, தமிழ்ச் சங்கத்துப் பெரிய மனிதர்கள் சிலர், ஐயர். உள்ளே வந்தவர்கள் ஒருவரும் ஜாக்கெட் கழற்றவில்லை. எல்லார் வாயிலும் புகை. ஐயர் என்ன பாவம் செய்தார், அவர் மடியில் மட்டும் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணி சுற்றி வைத்தேன். தம்பி கிரியை செய்கிறவர். அவர் மேலில் சட்டை போட முடியாது. ஈர வேட்டியும் ஒரு சால்வையும்தான். அவரை உங்கள் பக்கத்துப் படுக்கையடியில், கூரை மடிகிற இடத்துக்குக் கீழே இருத்தினேன்.

எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னால் அவர் கை தட்டத்துக்கு வெளியே விட்டது. "ஆறுதலா, ஆறுதலா" என்றார் ஐயர். பல்லோடு பல்லு அடிபடுவது எனக்குக் கேட்டது. அவர் மனைவி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அந்த ஹீட்டரைப் போட்டால் என்ன?"

"கொஞ்ச நேரம்தானே" என்றேன். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னேன்: "உடுப்பைக் கூடப் போட்டால் குளிர் தெரியாது எண்டனீங்கள், தம்பி. இண்டைக்குப் போடேலாதுதான், என்ன?"

பெரிய மனிதர்கள் தங்கள் சப்பாத்தில்லாத காலைப் பார்த்தார்கள். ஒருவர், "இதுக்குள்ளையே அண்ணை இருந்தவர்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மெல்லத்தான் கேட்டார். பஸ் சின்னது. எல்லாருக்கும் கேட்டது. எனக்கு வேண்டியது அந்த ஒரு கேள்விதான்.

விளக்கும் கர்ப்பூரமும் இத்தனை பேரின் மூச்சும் சேர, கூரையில் பிடித்திருந்த ஐஸ் இளகியது. முதல் துளி அவர் பிடரியில் விழுந்தது. அடுத்தது முதுகில். நிமிர்ந்து பார்த்தார்.

"இதென்ன அண்ணி, ஒழுகுது?"

"ஒழுகேல்லை. உங்கடை அண்ணை ஒவ்வொரு நாளும் துடைச்ச தண்ணி."

அவர் அழத் தொடங்கினார். செத்தவீட்டில் அழுத மாதிரி இல்லை. சத்தம் இல்லை, தோள் மட்டும் ஆடியது. "அண்ணி, இப்பிடியே இருந்தனீங்கள்?" என்றார்.

"இல்லை. உங்கடை அண்ணை இருக்குமட்டும் இது சூடாத்தான் இருந்தது."

அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். ஐயர் மந்திரத்தை முடிக்குமுன் எழும்பி ஹீட்டரைப் போட்டிருப்பீர்கள். உங்கள் சுவெட்டரை எடுத்து அவர் முதுகில் போர்த்தியிருப்பீர்கள். "விடும், சின்னப் பெடியன்" என்று என்னைத்தான் பேசியிருப்பீர்கள். சுவிச் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். உங்கள் இரக்கம் உங்களோடு போகட்டும். எனக்கு அது வேண்டாம்.

போகும்போது படியில் நின்று சொன்னார், "அண்ணி, கீழறை சும்மாதான் கிடக்கு. வந்து இருங்கோ."

"ஊஞ்சலை எங்கை வைப்பியள்?" என்று கேட்டேன். அவர் மனைவி ஓடிப்போய்க் காருக்குள் ஏறிவிட்டாள்.

எல்லாரும் போன பிறகு ஹீட்டரைப் போட்டேன். அது இருமி, உறுமி, மெல்ல எடுத்தது. மிஞ்சின புட்டைச் சூடாக்கித் தின்றேன். துணியை எடுத்துக் கூரையைத் துடைத்துக் கொழுக்கியில் மாட்டினேன். பிழிய மறந்துபோனேன். கொழுக்கி கம்பளித் திரைக்கு அந்தப் பக்கம், குளிர்ந்த கண்ணாடியோடு; அதுதான் இன்று அப்படி விறைத்திருக்கிறது. நீங்கள் என்றால் பிழிந்து மாட்டியிருப்பீர்கள்.

பண்ணைக்காரி கோடையில் இந்தப் பஸ்ஸை யாருக்காவது விற்றுவிடலாமே என்கிறாள். நான் விற்கமாட்டேன். முன்கண்ணாடிக்குத் திரை போடவும் யன்னலை ஒரு விரல் திறந்து வைக்கவும் விடிய எழும்பித் துடைக்கவும் எனக்குத் தெரியும். நீங்கள் காட்டின மாதிரியே செய்கிறேன். இதற்குள் எனக்குக் குளிராது. நீங்கள் யோசிக்கவேண்டாம்.

வருகிற வருசம், நீங்கள் போய் ஒரு வருசம் முடிய, உங்கள் ஆட்டைத் திவசம். அதையும் செத்தவர் இருந்த வீட்டில்தான் செய்யவேண்டும். தம்பிதான் செய்யவேண்டும், மேலில் சட்டை இல்லாமல். நீங்கள் போனது பனி கொட்டுகிற தை மாதத்தில். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் உங்கள் திதி தையில்தான் வரும்.