படத்தில் அதிகப்படியாக ஒரு மேடு

1968 நவம்பர் 11, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. மந்தைவெளி ஸ்டாப்பில் கணுக்கால் மூழ்கத் தண்ணீர். கண்டக்டர், எனக்கு முன்னால் நின்ற ஆளிடம்: "இன்னா சார், படியிலேயே நின்னுக்கினு கீறே? உள்ள போ நைனா!" உள்ளே இடம் இருந்தால்தானே.

அடையாறு வந்து லேபைத் திறந்தால் வடிதாள்கூட நமுத்துக் கிடக்கிறது.

வசந்தா நாளைக்குப் படம் தருகிறாளாம். ஜூலையில் பக்கத்து அறைக்கு வந்தவள், கணக்கு எம்.எஸ்ஸி. மூலிகை வேரிலிருந்து நான் பிரித்தெடுத்த பொருளின் படிகம் ஒன்றை எக்ஸ்ரே அறைக்குக் கொடுத்திருந்தேன்; ஃபிலிம் மட்டும் அவளிடம் போயிருக்கிறது. படிகத்துக்குள் எக்ஸ்ரே விட்டால் ஃபிலிமில் விழுவது வெறும் கறுப்புப் புள்ளிகள். அவற்றை எண்ணாக்கி, சைன், கொசைன் அச்சடித்த அட்டைப் பட்டைகளை அடுக்கி, மாதக்கணக்காகக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடுமாம். கணக்குக்குப் பயந்தே கெமிஸ்ட்ரி எடுத்தவள் நான். நம்பிக்கை பாதி, பயம் பாதி.

வாங்க: ரவை, அம்மாவுக்குத் தைலம். குடைக் கம்பி ரிப்பேர்.

12, செவ்வாய்

படம் பார்த்தேன்.

டிரேசிங் தாளில் வளையம் வளையமாகக் கோடுகள், மலைகளுக்கு வரைவார்களே அந்த மாதிரி. மேடு உள்ள இடமெல்லாம் அணு. நடுவில் ஆறு மேடுகள், அறுகோணமாக. என் வளையம்! மூன்று வருஷமாக நிறத்தை வைத்தும் உருகும் சூட்டை வைத்தும் இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிவந்த வளையம். நானே பார்த்ததில்லை. விரலால் ஒருமுறை சுற்றிவந்தேன்.

அப்புறம்தான் ஓரத்தைக் கவனித்தேன். எதோடும் ஒட்டாமல், தனியாக ஒரு மேடு.

"இது என்ன?"

"அதை நாந்தான் உங்ககிட்ட கேக்கணும். உங்க சரக்குல இல்லாத ஒண்ணு இங்கன கெடக்கு."

"கூட்டல்ல தப்பு இருக்கும்."

வசந்தா கோபப்படவில்லை. "இருக்கலாம். திரும்பக் கூட்டுதேன்."

தீசிஸ் பாதி டைப் ஆகிவிட்டது. முதல் பக்கத்திலேயே ஃபார்முலா. அதில் இந்த அணுவுக்கு இடமே இல்லை. "ஒழுங்கா கூட்டுங்க" என்று வேறு சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.

தலைவலி.

15, வெள்ளி

வெயில். மாடியில் துணி.

வ. புள்ளிகளை முதலிலிருந்து அளந்து, இரண்டு விதமாகக் கூட்டியிருக்கிறாள். மேடு அசையவில்லை. "கல்லு மாதிரி நிக்கு" என்கிறாள்.

தீசிஸ் கைடிடம் போனேன். "விட்டுடும்மா. கணக்குன்னா கொஞ்சம் இப்படி அப்படி இருக்கும். வளையம் தெரியுதுல்ல, போதும்." சபலம்தான். வெளியே வந்து வ.விடம் சொன்னேன்.

"விடுறதும் வைக்கிறதும் உங்க இஷ்டம். உயரத்தைப் பாத்தா ஆக்சிஜன் மாதிரி இருக்கு. அது என்ன, எப்படி வந்துச்சுன்னு எண்ணுக்குத் தெரியாது. நீங்கதான் சொல்லணும்."

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஆக்சிஜன், தனியாக. ஹைட்ரஜன் ரொம்பச் சின்னது, அந்தப் படத்தில் தெரியாது. பாலம் தாண்டும்போது உறைத்தது. தண்ணீர்! ஃபார்முலா போடுவதற்காக அனாலிசிஸுக்கு அனுப்பிய தூளை நானேதான் சூடாக்கி உலர்த்தினேன். தண்ணீர் போய்விட்டிருக்கும். எக்ஸ்ரேக்குப் போன படிகம் உலர்த்தாதது.

பக்கத்து சீட் அம்மாள் என்னையே பார்த்தாள். வாய்விட்டுப் பேசிவிட்டேன் போல.

16, சனி

அரை நாள். எல்லோருக்கும் முன்னால் போனேன். உலர்த்தாத படிகங்களை எடை போட்டு, அடுப்பில் வைத்து, ஆறவிட்டு, மறுபடி எடை.

குறைந்திருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு மூலக்கூறுக்கு ஒரு தண்ணீர். அரையும் இல்லை, ஒன்றரையும் இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தவை சுண்ணாம்பாக வெளுத்துப்போயின.

இத்தனை நாள் என் கையிலேயே இருந்தது, எனக்குத் தெரியவில்லை. இந்தப் பொருளைத் தொட்டுக்கூடப் பாராத ஒருத்தி, கூட்டியே இடத்தைச் சொல்லிவிட்டாள். எப்படி? கொசைனுக்கும் வேருக்கும் என்ன உறவு? எண்ணிப் பார்க்கப் பார்க்க மலைப்பு.

ஓடிப்போய்ச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். வ. அதைக் காதில் வாங்கவே இல்லை. "உங்க சரக்கை நான் பாத்ததே இல்லை. காட்டுவீங்களா?"

மைக்ராஸ்கோப்பில் நல்ல படிகம் ஒன்றை வைத்தேன். ரொம்ப நேரம் குனிந்திருந்தாள். "இந்த மூலை எனக்குத் தெரியும்" என்றாள். எண்ணாக மட்டும் தெரிந்திருந்த கோணம். ஊர்க்காரரைச் சந்தையில் பார்த்தவள் மாதிரி முகம்.

17, ஞாயிறு

தி. நகர். ரங்கநாதன் தெருவில் வ.வின் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. திருநெல்வேலிக்காரர். ரவிக்கைத் துணி எடுத்தேன்.

"எங்க பிள்ளை அங்க என்ன கணக்கு எழுதுது?"

"அணு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிறாங்க."

"அதுக்குச் சம்பளமும் குடுக்காவளா!" என்று சிரித்தார். சிரித்தாலும் ஒரு பெருமை.

18, திங்கள்

கைடுக்கு ஏக சந்தோஷம். தீசிஸில் ஒரு அத்தியாயம் திரும்ப டைப் அடிக்க வேண்டும். கட்டுரையும் எழுதலாமாம். அவர் பெயர், என் பெயர்.

"வசந்தா, சார்?"

"கடைசியில நன்றி போட்டுடலாம். கணக்குப் போட்டுக் குடுத்தவங்கதானே."

"சார், நான் தண்ணின்னு பேர்தான் சொன்னேன். இருக்குன்னு சொன்னது அவங்க. நாம விட்டுடலாம்னுதான் இருந்தோம். அவங்க பேர் இல்லேன்னா என் பேரும் வேண்டாம்."

எப்படிச் சொன்னேனோ. "யோசிக்கிறேன்" என்றார். வெளியே வந்தபிறகுதான் உறைத்தது. தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

19, செவ்வாய்

கைடு லேப் பக்கமே வரவில்லை. மழை.

20, புதன்

மேஜைமேல் கட்டுரை. என் பெயருக்கு அடுத்தாற்போல் பென்சிலில், வசந்தா. முன்னால் கொஞ்சம் இடம் விட்டு. கைடு வாசலிலிருந்தே, "இனிஷியல் என்னன்னு கேட்டு எழுதிடும்மா."

ஓடினேன். மேஜை முழுக்க அட்டைப் பட்டைகள், புது ஃபிலிம். மூச்சு வாங்கச் சொன்னேன். வ. நிமிராமல் ஒரு விரலை உயர்த்தினாள். உதடு முணுமுணுத்தபடி இருக்கிறது. வரிசை முடியவில்லை.

காத்திருந்தேன்.