ஒரே தடவை சுட்ட தோட்டா

மெர்ல்,

அடுப்பில் மான்கறிக் குழம்பு இருக்கிறது, சூடாக்கிக்கொள். தோட்டாக்கள் வைத்திருக்கும் கொட்டகைச் சாவி என்னிடம். தேடாதே.

காலையில் கிளெண்டா, மறுபடி மருந்து அடைத்துச் சுட நாம் விற்ற காலித் தோட்டாக் கூடுகளின் பையோடு வந்தாள்.

"நாடீன், ஒரே தடவை சுட்டதுன்னுதானே சொன்னே?"

"ஆமாடி, சுடும் மைதானத்துல நானே பொறுக்கினது."

"அப்படியா? இந்தக் கம்பியை உள்ளே விட்டுப் பாரு."

வளைத்த கம்பி நுனியால் உள்ளே அடிப்பக்கம் தடவினேன். பள்ளம் தட்டியது. ஐந்தாறு முறை மருந்து அடைத்துச் சுட்டுத் தேய்ந்தவை. இன்னொரு முறை சுட்டால் துப்பாக்கிக்குள்ளேயே பிய்ந்து அவள் முகத்தில் வெடிக்கும்.

பழைய உலோகத்தோடு போட்டுவிட்டேன் என்றாயே, உன்னுடைய அந்தத் தேய்ந்த தோட்டாக்கள்தான் இவை. "கழுவி மினுக்கிட்டா எவனுக்குத் தெரியும்?" என்று போன மாதம் நீ சொன்னபோது சிரித்தேன். வேடிக்கை என்று நினைத்தேன். பைமேல் ஒட்டிய சீட்டில் இருப்பது என் கையெழுத்து.

"உனக்குத் தெரியுமா, நாடீன்?" என்று கேட்டாள். நாற்பது வருஷப் பழக்கம். "தெரியாது" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு, காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

நாளை வேட்டைக் காலம் தொடங்குகிறது. நம்மிடம் இதே தோட்டா வாங்கிய ராய் ஃபோன் எடுக்கவில்லை, நேரில் போகிறேன். வாங்கிய மற்ற நாலு பேரின் எண்கள் மேசைமேல். சாப்பிடுவதற்கு முன் கூப்பிடு.

நாடீன்

பி.கு.: மாத்திரையை மறக்காதே.

இன்னொன்று: "நாடீனுக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஆரம்பிக்காதே. "சுடாதீங்க" என்று முதலில் சொல். என் பேரை அப்புறம் பார்க்கலாம்.