பாத்திமா கையெழுத்துப் போடாத படிவம்

செவ்வாய், இரவு

காப்புறுதி முகவராகச் சேர்ந்து மூன்று வாரமாகியும் என்னிடம் ஒருவர்கூடக் காப்புறுதி எடுக்கவில்லை. இன்று சிங்கப்பூரின் கிழக்கே பாசிர் ரிஸில் என் பள்ளித்தோழி பாத்திமா வீட்டுக்குப் போனேன்.

"உனக்காகப் போடுறேன்லா. எங்க சைன் பண்ணணும்?" என்று பேனாவை எடுத்துவிட்டாள்.

முதலில் உடல்நலக் கேள்விகளைப் படித்துக் காட்டினேன். கட்டி ஏதாவது உண்டா என்று கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தாள்.

பிறகு மெதுவாக, "மார்ல ஒண்ணு இருக்கு. பயந்துட்டு யார்கிட்டயும் சொல்லல" என்றாள்.

படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "காலையில கிளினிக் போவோம். நானும் வர்றேன்."

அழுதாள். அப்புறம் எனக்குச் சோறு போட்டாள்.

நாளைக் காலை தஞ்சோங் பகாரில் ஒருவர் காப்புறுதி பற்றிப் பேச என்னைச் சந்திக்க ஒப்புக்கொண்டிருந்தார். வர முடியாது என்று இப்போதுதான் செய்தி அனுப்பினேன்.

சாதாரணக் கட்டியாக இருக்கட்டும். பாத்திமாவும் இன்னும் தூங்கியிருக்க மாட்டாள். கூப்பிட்டுப் பார்க்கிறேன்.