ஸவாதினைப் போல் அழாமலிருக்க

பென்ஸா, ரஷ்யா, 1843

அக்டோபர் 4

குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் நறுக்கி உப்புப் போட்டோம். மூன்று பீப்பாய். கையெல்லாம் எரிகிறது.

வலேரியனின் கடிதம் வந்து பதினாறு நாள். தெற்கே, அவன் படைமுகாம் இருக்கும் திஃப்லிஸ் நகரிலேயே, வேறொருத்தியை மணக்கப்போகிறானாம். மூன்று வருட நிச்சயத்துக்கு மூன்று வரி.

"போனா போறான், பட்டாளத்தான். சூப்பைக் குடி, காப்பா" என்றார் அப்பா.

குடித்தேன். அழுகையும் சூப்புமாக.

அக்டோபர் 9

பத்திரிகையில் வந்த ஒரு தொடர்கதையை முதலிலிருந்து மறுபடி படித்தேன். அதன் நாயகன் ஸவாதின், தாயின் சவப்பெட்டி அருகில் நின்றுகொண்டு கையுறைப் பொத்தானைப் போடுகிறான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஜெர்மன் தத்துவம் படித்தவன், அதனால் எதுவும் அவனைத் தொடுவதில்லையாம்.

எனக்கு அவன்மேல் ஆசை இல்லை. அவனாகவே ஆகிவிட வேண்டும்.

அக்டோபர் 12

பள்ளிக்கூடத்து ஜெர்மன் ஆசிரியரிடம் ஒரு தத்துவப் புத்தகம் கேட்டு வாங்கிவந்தேன்.

"இது தலைவலி கொடுக்கும், கபிதோலினா செமியோனோவ்னா." வீட்டில் காப்பா, அவருக்கு முழுப்பெயர்.

"தலைவலிதான் வேணும் ஐயா."

அகராதியோடு நாளுக்கு ஒரு பக்கம். எழுவாய் இந்தப் பக்கத்தில் இருந்தால் வினைச்சொல் அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

அக்டோபர் 27

புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வெளியே இருப்பதாக நாம் எண்ணுவதெல்லாம் நம் மனம் கொடுத்த வடிவம். அப்படியானால் வலேரியனும் வடிவம்தான். அழித்துவிடலாம். அழித்தேனா?

ஸவாதினைப் போலக் கறுப்பு உடை போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். தங்கை லூஷா எட்டு மாத வயிற்றோடு வந்தாள். "என்னக்கா, வளத்த பூனை செத்த மாதிரி நிக்குற?"

நான் சிரிக்கவில்லை. அவள் முகம் வாடிவிட்டது. வெற்றி என்று எழுதினேன், அடித்தேன், திரும்ப எழுதினேன்.

நவம்பர் 8

அழாமல் ஒன்பதாவது நாள்.

நவம்பர் 19

நேற்று லூஷாவுக்குக் குழந்தை பிறந்தது. பெண். பிறக்கும்போதே மூச்சில்லை.

"நீ போகலையா?" என்றார் அப்பா. நாளைக்கு என்றேன். ஆசிரியர் கொடுத்த புத்தகத்தில் பதினோரு பக்கம் படித்தேன். இதுவரை அத்தனை படித்ததில்லை.

நவம்பர் 24

நான் போகவில்லை. அவளே வந்துவிட்டாள். எழுந்திருக்கவே கூடாதாம், அழுது அடம்பிடித்திருக்கிறாள், அவள் கணவன் ஸாவா சறுக்குவண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவந்தான்.

"நீ வரலியேக்கா, அதான் நானே வந்தேன். தலை நிறைய முடிக்கா அதுக்கு. கறுகறுன்னு. நம்ம வீட்ல யாருக்கு அப்படி முடி?"

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். "துக்கங்கறது மனசு போட்டுக்கிற ஒரு வடிவம், லூஷா. இல்லேன்னு நெனச்சா இல்ல" என்றேன்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. என் முகத்தில் யாரையோ தேடுவதுபோல் பார்த்தாள். "நான் எங்கக்காகிட்ட பேச வந்தேன்" என்று எழுந்துகொண்டாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பால். பார்த்தேன். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 25

என்னடி பண்ணிட்ட? பச்ச உடம்புக்காரிகிட்ட புத்தகத்தையா ஒப்பிப்ப? பாவி, பாவி —

ஸவாதினுக்குத் தங்கை இல்லை. கதை எழுதியவர் அவனுக்கு ஒரு தங்கையைக் கொடுக்கவே இல்லை. அவனால் முடியும்.

நவம்பர் 26

போனேன். "உங்களப் பாக்க வேணாங்குறா, மதினி" என்றான் ஸாவா. வாசலோடு திரும்பினேன்.

நவம்பர் 27

இன்றும்.

நவம்பர் 29

இன்று ஸாவாவே ஓடிவந்து கதவைத் திறந்தான். "காய்ச்சல் கொதிக்குது. மாருல பால் கட்டி கல்லாயிருச்சு. யாரையும் தொட விடமாட்டேங்குறா. எனக்கு ஒண்ணும் புரியல, மதினி."

லூஷா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "எதுவும் பேசாத" என்றாள்.

 வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்தேன். வலியில் என் மணிக்கட்டைக் கடித்தாள். கிண்ணம் நிறைந்தது, சூடாக. இவ்வளவு பாலும் யாருக்கு? அதை எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் வந்தது அழுகை. வாய்விட்டு, அசிங்கமாக.

லூஷா திரும்பிப் பார்த்தாள்.

"பேரு யோசிச்சு வெச்சிருந்தேன்க்கா."

"என்ன பேரு?"

சொன்னாள். அதை இங்கே எழுதமாட்டேன். அது அவளுடையது.

டிசம்பர் 6

லூஷாவின் வீட்டில்தான் இருக்கிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் அரைக் கிண்ணம் கஞ்சி குடித்தாள். குடித்துவிட்டு, "வலேரியனப் பத்தி நீ எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியேக்கா. இப்ப சொல்லு" என்றாள்.

சொன்னேன். முடிக்க மத்தியானம் ஆயிற்று. நடுவில் அடுப்பு அணைந்துபோனதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.