உப்புக்கு ஒரு பெயர்

இன்று காலை அம்மன் கோயில் ஒலிபெருக்கி “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று கரகரத்தபோது சாம்பாருக்குப் பெருங்காயம் கரைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனையும் அந்தக் கரகரப்பும் சேர்ந்தால் எனக்கு உன் முகம்தான். மாசியில் நீ போய்விட்டாய். இது நீ இல்லாத முதல் ஆடி.

உனக்கு எழுதுவதில் ஒரு வசதி, நடுவில் புகுந்து பேச மாட்டாய். இருந்தவரை என்னை ஒரு பேச்சாவது முடிக்க விட்டிருக்கிறாயா?

நாம் பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டிய காலத்தை நினைத்துக்கொள்கிறேன். ஒரு கல்யாண வீட்டுக்கு வேறு நிறப் புடவை போய்விட்டது. விற்றவர் பில் போட்டவரைக் காட்டினார், பில் போட்டவர் பேக்கிங் ஆளைக் காட்டினார், அவர் வாட்ச்மேனைக் காட்டினார். “கடைசீல அந்தப் பொடவை தானா நடந்து போயிருக்குதுபா” என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்போடுதான் வேலையை விட்டுச் சமையல் ஆர்டர் எடுக்க வந்தோம்.

முதல் பெரிய ஆர்டர் இந்த அம்மன் கோயில் ஆடி அன்னதானம். சரியாக அமைந்தால் சுற்றுவட்டாரத்து விசேஷமெல்லாம் நமக்கு வரும். சொதப்பினால் மறுபடி போய்ப் புடவை மடிக்க வேண்டியதுதான். நான் மளிகைச் சாமானை மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். நீயோ பாட்டுப் பாடிக்கொண்டு காய் நறுக்கினாய்.

படையல் போடும்வரை எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. மூன்று அண்டா சாம்பார் சாதத்தை ருசி பார்க்காமல் இறக்குவது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த செல்வி, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள், நீ சொன்ன அளவுக்கு உப்பைப் போட்டுவிட்டு இலை துடைக்கப் போனாள். நீ வந்தாய். உப்பு விழுந்திருக்காது என்று நீயாகவே முடிவு கட்டினாய். யாரையும் கேட்காமல் இன்னொரு முறை போட்டாய்.

படையல் முடிந்து விழாக்குழுத் தலைவர் முதல் கவளத்தை வாயில் வைத்தார். அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. வெளியே தறியை நிறுத்திவிட்டு வந்த தெருவே வரிசையில் நின்றது.

“யாருமா உப்பு போட்டது?”

“நாந்தாண்ணா” என்றாள் செல்வி. குரலே எழும்பவில்லை அவளுக்கு.

“இந்தம்மாவ இனிமே கூட்டிக்கினு வராதீங்க” என்றார் அவர்.

நான் உன் காதைக் கடித்தேன். “இந்த வாட்டி வந்த கல்லுப்பு கரிப்பு ஜாஸ்தின்னு சொல்லிடலாம்டி. யாருக்கும் வம்பில்ல.”

“உப்பு வந்து பதில் சொல்லுமா?” என்று கேட்டுவிட்டு நேரே மைக்கிடம் போனாய்.

“எல்லாருக்கும் வணக்கம்பா. சாம்பார் சாதத்துல உப்பு ரெண்டு மடங்கு இருக்குது. செல்வி சரியாத்தான் போட்டுது. கேக்காம கொள்ளாம திரும்பவும் போட்டது நானு. அம்மனுக்குப் படைச்சாச்சு, அவகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க கொஞ்ச நேரம் பொறுத்துக்கினா, உப்பில்லாம சோறும் பருப்பும் வேக வெச்சுக் கலந்து சூடா போடுறேன். அதுவரைக்கும் மோர் குடிச்சுக்கினு இருங்க.”

வரிசையிலிருந்து யாரோ, “மோர்லயாவது கேட்டுட்டு உப்பு போடுமா!” என்று கத்தினார். அவ்வளவுதான், சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. தலைவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்து முடியாமல் தோற்றார். செல்வியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. சாதம் இரண்டு மடங்காகிப் பக்கத்துத் தெருவுக்கும் போனது. அடுத்த வாரமே பக்கத்து ஊர் ஓரிக்கையிலிருந்து வளைகாப்பு ஆர்டர் வந்தது. “மைக்ல உப்பு சொன்னாங்களே, அவங்கதானே?” என்று கேட்டார்கள்.

அன்றிலிருந்து நம் சமையற்கட்டில் உப்புக்கு ஒரு பெயர் உண்டு. போடுகிறவர் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் “கேட்டுச்சு” என்று சொல்ல வேண்டும். “திட்டுறதுக்கு இல்லமா. பேர சொல்லணும்னா கை ஒரு நிமிஷம் யோசிக்கும்” என்பாய். அது உப்போடு நிற்கவில்லை. பந்தல் வேண்டாம் என்றது யார், பாயசத்தில் முந்திரியைக் குறைத்தது யார், எல்லாவற்றுக்கும் பெயர் வந்தது. முந்திரி விஷயத்தில் பெரும்பாலும் உன் பெயர்தான், கஞ்சப் பிசினாறி.

இந்தக் கோயில் அண்டாக்களுக்கு வருடா வருடம் உப்பு போட்டது நீதான். இன்று செல்வி உப்புக் கிண்ணத்தை என் முன்னால் வைத்தாள். போட்டேன். பெயரைச் சொன்னேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நான் போடும்போதெல்லாம் முதலில் “கேட்டுச்சு” என்பது உன் குரல்தானே. எல்லோரும் அதற்காகவே காத்திருந்தோம். நீ இல்லாமல் போனதற்கு உன்மேல் அவ்வளவு கோபம் வந்தது. அழுகையும்தான்.

படையல் முடிந்ததும் அதே தலைவர், “சாப்பாடு ரெடின்னு சொல்லுமா” என்று மைக்கை என் கையில் கொடுத்தார். சொல்ல வந்தது மறந்துபோய்விட்டது.

“உப்பு போட்டது நானு” என்றேன்.

பந்தலுக்குப் பின்னால் நாம் போடும் கூச்சலை வருடா வருடம் கேட்டுப் பழகிய தெரு அல்லவா, முனைவரைக்கும் நின்ற வரிசை மொத்தமும் கத்தியது: “கேட்டுச்சு!” செல்வியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

இப்போது பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுதுகிறேன். ஒரு பருக்கை மிஞ்சவில்லை. ஆனால் உப்பு ஒரு கைப்பிடி குறைவுதான்.

அதுவும் நான்தான்.